"என்னங்க" என்று கூப்பிட்டதால்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பஸ் என் ஸ்டாப்பில் நிற்காமல் போனால்கூட அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வருவேனே தவிர, "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில், மணமேடை மேல், மைக் முன்னால் உட்கார்ந்து ஓர் ஆம்பளையின் பெயரைக் கத்திச் சொன்னேன். அவர் என் புருஷன் இல்லை என்று காட்டுவதற்காகத்தான் கத்தினேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. பத்தாவது வரை படித்தவள். அரக்கோணம் பக்கம் எங்கள் ஊர். அம்மா இறந்த பிறகு அண்ணன் என்னை இங்கே அழைத்து வந்தார். அண்ணனுக்கு அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. கூட வேலை பார்த்த இன்னொருவரும் அவரும் சேர்ந்து பாரிவாக்கம் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்னால் ஓர் அறை, நடுவில் கூடம், பின்னால் ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலறை. முன்னறை அந்த நண்பருடையது. பின்னறையை அண்ணன் எனக்குக் கொடுத்துவிட்டு அவர் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டார்.

வந்த அன்றைக்கே ஒரு சிக்கல். அண்ணனின் நண்பரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? "அண்ணே, காப்பி" என்றேன். கூடத்திலிருந்து ஒரு "இன்னா?" முன்னறையிலிருந்து ஒரு "இன்னா?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். நான் ஒரு தம்ளர்தான் வைத்திருந்தேன். மறுநாளும் அப்படியே ஆனது. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? அதனால் அவருக்கு மட்டும் "என்னங்க" என்று வைத்துக்கொண்டேன். அண்ணே என்றால் என் அண்ணன். என்னங்க என்றால் முன்னறை. குழப்பம் தீர்ந்தது. அவரும் என்னைப்போலக் கூச்சக்காரர்தான். என்னை "இந்தாம்மா" என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது.

அண்ணனுக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் ஆனது. ஆன கையோடு ஓசூரில் நல்ல வேலை கிடைத்து அங்கே போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார். எனக்கு அப்போது சென்னீர்குப்பத்தில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் வேலை இருந்தது. நடந்தே போய்விடலாம். மூடிகளில் கோணலானதைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த வேலையில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்காகவே செய்த வேலை மாதிரி இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. "சரி, முன்னறைல அவன் இருக்கான், பயம் இல்ல" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். வாடகையில் பாதி முன்னறைக்காரர், பாதி நான். அப்படியே பதினோரு வருடம் போய்விட்டது.

தெருவில் முதலில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துப்போனது. சண்டை இல்லை, சிரிப்பு இல்லை, சினிமாவுக்குப் போவதில்லை, எங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சமையலறையில் ஓர் அடுப்பு. காலை ஏழு மணி வரை என்னுடையது, அதற்கு மேல் அவருடையது. அரிசிக்கு இரண்டு டிரம். சிவப்பு மூடி அவருடையது, நீல மூடி என்னுடையது.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நான் அவரைத் தினமும் கூப்பிட வேண்டியிருக்கும். மோட்டார் சுவிட்ச் முன்னறைக்குள் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியோ என் அறைக்கு மேலே. தொட்டி நிரம்பி வழிந்தால் பின்பக்கத் தகரத்தின் மேல் தண்ணீர் கொட்டும். சத்தம் எனக்குத்தான் கேட்கும். உடனே "என்னங்க, மோட்டார்" என்பேன். அவர் அணைப்பார். பதினோரு வருடமும் இதுதான்.

போன வருடம் மூடிக் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போய்விட்டது. கம்பெனி பஸ் அனுப்புகிறோம் என்றார்கள். கோணல் மூடி எது, நல்ல மூடி எது என்று என் கண்ணுக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை. நின்றுவிட்டேன். சேலைக்கு ஃபால்ஸ் தைத்தேன். அது வாடகைக்கே இழுபறியாக இருந்தது. அண்ணன் போன் செய்தார்.

"இன்னும் எதுக்கு அங்க? கிளம்பி வந்துடு. பசங்களுக்கு நேரத்துக்குச் சமைச்சுப் போட்டுகினு இங்கயே இரேன். அண்ணியும் வேலைக்குப் போவா. பொங்கலுக்கு முன்னாடி வண்டி எடுத்துகினு வரேன்."

அண்ணன் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஓசூர் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அங்கே ஓர் அறை கிடையாது, பீரோவில் ஒரு தட்டு தருவார்கள். இங்கே எனக்கு ஒரு கதவு இருக்கிறது. அதன் சாவி என் பர்சில் இருக்கிறது. ஐம்பது வயதில் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. அண்ணனிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. "பாக்கலாம்ணே" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வாசலுக்கு எதிரே ஓர் அக்கா பூ கட்டி விற்கிறார். தெருவில் நான் நாலு வார்த்தை பேசுவது அவரிடம்தான். அவர்தான் ஒரு நாள் காலையில் பூவை முழம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏம்மே, அம்பது தாண்டியும் கண்ணாலம் ஆவாத பொம்பளைங்களுக்கு கவர்மென்ட்டு மாசாமாசம் பென்ஷன் தர்தாமே, நீ வாங்கல?"

"எனக்கா?"

"பின்ன, எனக்கா? நான் ஒண்ணு கட்டிகினு பட்டது போதாதா?"

எனக்கு நம்பவே முடியவில்லை. கல்யாணம் ஆகாததற்கு இதுவரை எனக்குக் கேள்விகள் மட்டும்தான் வந்திருக்கின்றன. ஏன் ஆகவில்லை, யார் குறை, ஜாதகமா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பென்ஷன் தருகிறார்கள் என்றால்! அந்தப் பணமும் தையல் கூலியும் சேர்ந்தால் என் பாதி வாடகையைக் கட்டிவிட்டு நான் இங்கேயே இருக்கலாம். வீட்டுக்குள் போய்க் கண்ணாடியில் என்னையே ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டேன்.

மறுநாளே ஈ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண், "கணவர் பெயர்?" என்றாள். "கிடையாது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பதிலை நிமிர்ந்து சொன்னேன்.

ஒரு மாதம் போயிருக்கும். விசாரிக்க ஒருவர் வந்தார். காலை பதினொரு மணி. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, ஃபைலைத் திறந்து கூடத்தில் உட்கார்ந்தார். கொடியில் என் சேலையும் ஒரு லுங்கியும் காய்ந்துகொண்டிருந்தன. வாசலில் பெரிய செருப்பு ஒரு ஜோடி. அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நானும்... அவங்களும்."

"அவங்கன்னா?"

நான் முன்னறைப் பக்கம் பார்த்தேன். அன்றைக்கு அவருக்கு லீவு. உள்ளே ரேடியோ மெதுவாகப் பாடியது.

"அவர் பேர் என்ன?"

பெயர் எனக்குத் தெரியும். கரண்ட் பில்லில் பார்க்கிறேன், கேஸ் புத்தகத்தில் பார்க்கிறேன். ஆனால் என் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. புது ஆள் எதிரே, அதுவும் ஆபீசர் எதிரே, முதல் தடவையாக எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். சேலைத் தலைப்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று இப்போது ஞாபகம் வருகிறது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் தகரத்தின் மேல் தண்ணீர் கொட்டியது.

"என்னங்க!" என்றேன். "மோட்டார்!"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார். "இந்தாம்மா, அமத்திட்டேன்" என்றார். ஆபீசரைப் பார்த்ததும் கூச்சத்தில் திரும்ப உள்ளே போய்விட்டார்.

வந்தவர் புன்னகை செய்து ஃபைலை மூடினார். "போதும்மா. எனக்குப் புரிஞ்சுடுச்சு."

புரிந்துவிட்டதாமே! எனக்கு அவ்வளவு சந்தோஷம். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்ளும் ஆபீசரா என்று மோர் கலக்கிக் கொடுத்தேன். அவரும் நன்றி சொல்லிக் குடித்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து போனுக்கு மெசேஜ் வந்தது. கண்ணாடி போடாமல் படித்தேன். நம்பாமல் கண்ணாடி போட்டுப் படித்தேன். பிறகு பூக்கார அக்காவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னா போட்டுகீது? எனக்குப் படிக்க வராது, சொல்லு."

"விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: கணவருடன் வசிக்கிறார்."

அக்கா கையிலிருந்த பூப்பந்து உருண்டு தெருவில் ஓடியது. அதை எடுக்கவும் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யார்டி அது உன் புருஷன்? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லாம கட்டிகினியா? ஒரு முழம் பூவாச்சும் என்னாண்ட வாங்கியிருக்கலாமே!"

"அக்கா, சிரிக்காதீங்க. நான் ஓசூர் போவணும் இனிமே."

அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். அந்த ஆபீசர் வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன். பெயர் கேட்டதும் தலை குனிந்ததைச் சொன்னேன். "என்னங்க" என்று கூப்பிட்டதைச் சொன்னேன். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடி லூசு! புருஷன் பேர சொல்ல மாட்டாம வெக்கப்பட்டு நிக்கிறவ மாதிரியே நின்னுட்டு, என்னங்கன்னு வேற கூப்ட்டியா? நானே பாத்திருந்தா நம்பியிருப்பேன். அந்த ஆளு இன்னா பண்ணுவாரு?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அது இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மனைவிகள் புருஷனைக் கூப்பிடும் வார்த்தை அது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் வாயில் அது மோட்டாருக்கு வைத்த பெயர் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

முன்னறைக்காரரிடம் விஷயத்தை அக்காதான் சொன்னார். அவர் முகம் சுருங்கிவிட்டது. சாயங்காலம் கூடத்து வாசற்படியில் நின்று, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தாம்மா... நான் வேற ஊடு பாத்துகினு போய்ட்றேன். அப்ப உனக்குக் குடுத்துடுவாங்கல்ல."

"நீங்க போனா முழு வாடகைய நான் எப்படிக் கட்டறது?"

அவர் அதை யோசிக்கவில்லை.

"அப்ப போவல" என்றார்.

அந்த வாரமே ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனு வாங்கும் முகாம், எல்லா ஆபீசர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள், நிராகரித்த மனுக்களையும் கொண்டு வரலாம் என்றார்கள். அக்கா உடனே முடிவு செய்துவிட்டார்.

"ரெண்டு பேரும் ஜோடியா கிளம்புங்க. நான் சாட்சிக்கு வரேன்."

"ஜோடின்னு சொல்லாதீங்கக்கா!"

"சரி, தனித்தனியா ஒண்ணா கிளம்புங்க."

ஷேர் ஆட்டோவில் அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாங்கள் பின்னால். கரையான்சாவடி வந்ததும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணாத்தே, ஊட்டம்மாவ கொஞ்சம் அந்தாண்ட தள்ளி உக்கார சொல்லு, இன்னொரு ஆளு ஏறட்டும்." அக்கா முன்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது எனக்குத் தெரிந்தது. முன்னறைக்காரர் இறங்கி, மற்ற ஆளை எனக்குப் பக்கத்தில் ஏறவிட்டு, ஓரத்தில் தொங்கியபடி வந்தார்.

மண்டபத்து வாசலில் முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழை மரம் அப்படியே நின்றது. டோக்கன் கொடுக்கும் இடத்தில் நான் ஒன்று வாங்கினேன். அவரும் எதற்கோ கை நீட்டினார். டோக்கன் கொடுத்தவர் அவர் கையைத் தள்ளினார்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு டோக்கன்தான் சார்."

"நாங்க ஒரு குடும்பம் இல்ல சார்."

"சண்டையெல்லாம் ஊட்ல போய்ப் போட்டுக்கங்க சார். லைன்ல ஆள் நிக்கிறாங்க."

உள்ளே போனோம். மண்டபம் நிறைய ஜனம். ஆபீசர்களின் மேஜைகளை மணமேடை மேலேயே போட்டிருந்தார்கள், மின்விசிறி அங்கேதான் நன்றாகச் சுற்றும் போல. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு வரிசை. எங்கள் பென்ஷன் மேஜை நட்ட நடுவில். அதற்கு முன்னால் மனு கொடுப்பவர்கள் உட்கார வைத்திருந்தது என்ன தெரியுமா? மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள், இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். பின்னால் தெர்மாகோலில் வெட்டிய இரண்டு மயில்கள். அவற்றைக்கூட எடுக்கவில்லை.

டோக்கன் நம்பரை மைக்கில் கூப்பிட்டார்கள். மேடை ஏறினோம். நான் ஒரு சிவப்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். "நீங்களும் உக்காருங்க" என்று மேடம் அவரைப் பார்த்துச் சொன்னார். "வேணாம் மேடம், நிக்கிறேன்" என்று அவர் மயிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கீழே முதல் வரிசையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். பெரிய கண்ணாடி. என் மனுவைப் பார்த்துவிட்டு, பழைய விசாரணை அறிக்கையை எடுத்துப் படித்தார். வாய்விட்டே படித்தார்.

"மேற்படி வீட்டில் வசிக்கும் ஆணின் பெயரை வினவியபோது, மனுதாரர் பெயரைக் கூறாமல் நாணித் தலைகுனிந்தார். மேலும் அவரை 'என்னங்க' என்று அழைத்தார்."

நம்பர் கூப்பிட வைத்திருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அது மேஜையிலேயே இருந்தது. மண்டபத்தின் நாலு மூலையிலும் இருந்த ஸ்பீக்கர்களில் "என்னங்க" என்று மேடத்தின் குரல் கேட்டது. கீழே எல்லாரும் திரும்பினார்கள். அங்கங்கே சிரிப்பு.

எனக்குக் காது இரண்டும் கொதித்தன. மேடத்துக்கும் அப்போதுதான் மைக் தெரிந்தது. ஆனால் அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததில் அதை அணைக்க மறந்துவிட்டார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அண்ணன் என்றால் பொய். சொந்தம் இல்லை. சிநேகிதர் என்று சொல்லலாமா? அது இன்னும் மோசம். ஒரே வீட்டில் தனித்தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு பெயர் இருக்கக் கூடாதா?

"முன் ரூம்காரரு மேடம்" என்றேன்.

"அப்ப நீங்க?"

"பின் ரூம்."

கீழே பெரிய சிரிப்பு. மேடமும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா, அவர் பேரைச் சொல்லுறதுல உங்களுக்கு என்ன? புருஷன் பேரைத்தான் சொல்லத் தயங்குவாங்க."

"கூச்சம் மேடம். நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன்."

"எங்க, இப்ப சொல்லுங்க."

அக்கா கீழிருந்து, சொல்லு சொல்லு என்று கையை ஆட்டினார். நான் முன்னறைக்காரரைப் பார்த்தேன். மயிலைப் பார்த்தேன். மடியில் இருந்த பர்சை இறுக்கிப் பிடித்தேன், உள்ளே சாவி கையில் குத்தியது. ஓசூர் வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டு கண் முன்னால் வந்தது. இப்போது வாய் திறக்கவில்லை என்றால் என் சேலைகள் அந்தத் தட்டில்தான் இருக்கும். மூச்சை இழுத்துக்கொண்டு, எவ்வளவு சத்தம் வேண்டும் என்று தெரியாமல், இருந்த சத்தத்தையெல்லாம் போட்டு அவர் பெயரைச் சொன்னேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது போதும். மரியாதைக்கு ஒரு எழுத்துகூடச் சேர்க்காமல், மொட்டையாக, சின்னப் பையனை விளையாட்டிலிருந்து கூப்பிடுவது மாதிரி சொன்னேன். நாலு ஸ்பீக்கரும் அதைத் திருப்பிச் சொன்னதில் மேடம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஸ்பீக்கர் கீச்சிட்டது.

முன்னறைக்காரர் விறைப்பாக நிமிர்ந்தார். வலது கையை மேலே தூக்கினார்.

"உள்ளேன் ஐயா!"

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது சொல்வதை அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மண்டபமே அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். பக்கத்து மேஜையில் பட்டாவுக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார். நானும் சிரித்தேன். மேடையில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, பல் தெரியச் சிரித்தேன். என் உடம்பில் இவ்வளவு சத்தம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சத்தம் அடங்கியதும் மேடம் மைக்கை அணைத்தார்.

"பேரைச் சொன்னதுக்காகப் பென்ஷன் குடுத்துட முடியாதும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றது. "ஆனா பேரைச் சொல்லாததுக்காகத் தள்ளியிருக்கவும் கூடாது. இந்த ரிப்போர்ட்ல அதைத் தவிர ஒண்ணும் இல்லையே. மறுவிசாரணைக்குப் போடறேன். அக்கம்பக்கத்துல யாராவது சாட்சி சொல்லுவாங்களா?"

"நான் கீறேன் மேடம்!" அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறியே வந்துவிட்டார். "பத்து வருசமா இவங்க ஊட்டுக்கு எதுத்தாப்லதான் பூ கட்டிகினு கீறேன். ஊட்ல ரெண்டு அரிசி டிரம்மு கீது மேடம். இவரு டிரம்முல ஒரு பிடி இவ எடுக்க மாட்டா, இவ டிரம்ம அவரு தொட மாட்டாரு. புருஷன் பொண்டாட்டின்னா அப்டி இருப்பாங்களா? என் ஊட்டுக்காரு என் சுருக்குப் பையையே உட மாட்டான்!"

மேடம் மனுவின் மேல் பச்சை மையில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அக்கா விடவில்லை. "மேடை வரைக்கும் ஏறிட்டீங்க. வாழை மரம் கட்டிகீது, ஜனம் வந்துகீது, நாக்காலி போட்டுகீது. அப்டியே ரெண்டு மால வாங்கியாந்து முடிச்சுட்டிருக்கலாம்." முன்னறைக்காரர் இந்தத் தடவையும் ஓரத்தில்தான் தொங்கிக்கொண்டு வந்தார். ஆனால் அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புதுச் சிக்கல். "என்னங்க" என்று இனிமேல் எப்படிக் கூப்பிடுவது? வாய்க்கு வந்தாலே மண்டபத்து ஸ்பீக்கர் காதில் கேட்கிறது. பெயர் சொல்லலாம் என்றால் மேடையில் வந்த தைரியம் சமையலறையில் வரவில்லை. இரண்டு நாள் தொட்டி வழிந்தது. நான் ஓடிப்போய் முன்னறைக் கதவைத் தட்டினேன். மூன்றாம் நாள் அவரே சொன்னார், வழக்கம்போலச் சுவரைப் பார்த்து.

"அன்னிக்குக் கூப்ட்ட மாதிரியே கூப்டும்மா. நல்லாத்தான் இருந்துச்சு." துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "பட்டறைல என்ன மூணாம் நம்பர்னுதான் கூப்புட்றாங்க, மூணாம் நம்பர் லேத்துல நிக்கிறதால. ஊர்ல யாரும் இல்ல. பேர சொல்லி யாரும் கூப்ட்டு ரொம்ப நாளாச்சு."

அன்றைக்கிலிருந்து பழகினேன். முதலில் மெதுவாக, எனக்கே கேட்காத மாதிரி. பிறகு கொஞ்சம் சத்தமாக. மறுவிசாரணைக்கு அதே ஆபீசர்தான் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே நான் பெயரைச் சொல்லிவிட்டேன். சிவப்பு மூடி, நீல மூடி இரண்டையும் திறந்து காட்டினேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"அன்னிக்கு வரல சார்."

மோர் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் முழுதாகக் குடிக்கவில்லை. எழுதுவதிலேயே கவனமாக இருந்தார்.

மார்கழியில் மெசேஜ் வந்தது. அனுமதிக்கப்பட்டது என்று இருந்தது. கண்ணாடி போட்டு ஒரு தரம், கழற்றி ஒரு தரம் படித்தேன். அக்காவிடம் காட்டினேன். எனக்குத் தலை நிறையப் பூ வைத்துவிட்டார். பிறகு அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, எனக்குப் பென்ஷன் கிடைச்சுடுச்சு. நான் ஓசூருக்கு வரல."

"வராம? பென்ஷன் கிடைச்சா தனியா இருந்துடுவியா? நாலு பேர் முன்னாடி வாயத் திறக்க மாட்ட. ஒரு கஷ்டம்னா யாராண்ட போய்க் கேப்ப? நான் வண்டிக்குச் சொல்லிட்டேன், பேசாம..."

அண்ணன் பேசிக்கொண்டே போனார். பழைய மாதிரி "பாக்கலாம்ணே" என்று என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது பின்னால் தகரத்தின் மேல் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. நான் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து, முன்னறையைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டேன். "மோட்டார்!"

"உள்ளேன் ஐயா!" என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது. தண்ணீர் நின்றது.

போனில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"இப்ப கத்துனது யாரு?" என்றார் மெதுவாக.

"நான்தான்ணே."

"நீயா?"

"ஆமாண்ணே."

அவர் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டது. அண்ணி எதையோ கேட்டார். "இரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு அண்ணன் மறுபடி போனுக்கு வந்தார்.

"சரி" என்றார் கடைசியில். "வண்டிய வேணாம்னு சொல்லிட்றேன்."